புது ஸ்போர்ட்ஸ் காரை முதல் 2,000 கி.மீ. எப்படி ஓட்டணும்? முதல் ஆயிலை எப்போ மாத்தணும்? வேலூர் - ஆம்பூர் வாகன ஓட்டிகளுக்கு ஒரு முழு விளக்கம்

"ஆயிரம் கிலோமீட்டர் ஓடினதும் ஆயிலை மாத்திடுங்க பாய், அப்பதான் இன்ஜின் நிக்கும்" என்பார் தெருமுனை மெக்கானிக். "பத்தாயிரம் வரைக்கும் கையே வைக்காதீங்க சார்" என்பார் ஷோரூம் ஆள். வண்டி வாங்கியவர் நடுவில் நின்று தலையைச் சொறிவார்.

இதில் யார் சொல்வது சரி? வண்டியைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம், இரண்டுமே தவறாகவும் இருக்கலாம். சில லட்சம் ரூபாய் பைக்கில் தொடங்கி கோடி ரூபாய் ஸ்போர்ட்ஸ் கார் வரை, முதல் சில நூறு கிலோமீட்டரில் ஓட்டும் விதம் இன்ஜினின் ஆயுளைப் பாதிக்கும். அதிலும் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு, இந்த ஊர்ச் சாலைகளால் வரும் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. அது என்ன, எப்படிச் சமாளிப்பது என்பதை இந்தத் தொகுப்பில் பார்ப்போம்.

நம்ம பகுதிக்கு இது ஏன் முக்கியம்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல், ஷூ ஏற்றுமதி நடக்கும் ஊர்கள் வரிசையாக இருக்கும் பகுதி இது. விலை உயர்ந்த கார்களை வாங்குபவர்களும், வேகமான பைக்குகளை விரும்பும் இளைஞர்களும் இங்கே நிறைய. ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களுக்கான ஆலை அது. சொகுசு கார் என்பது நம் ஊருக்கு இனி தூரத்து விஷயம் இல்லை.

ஆனால் போர்ஷே, பிஎம்டபிள்யூ மாதிரி கார்களை வாங்க இங்கிருப்பவர்கள் பொதுவாகப் போவது சென்னைக்கோ பெங்களூருவுக்கோதான். அங்கே சாவியை வாங்கிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலை 48-ல் நேராக வீட்டுக்கு வருவார்கள். சென்னையிலிருந்து ஆம்பூர் சுமார் 180 கி.மீ., பெங்களூருவிலிருந்து சுமார் 160 கி.மீ.

அதாவது இன்ஜினின் மிக முக்கியமான முதல் 150, 200 கிலோமீட்டர் முழுக்க நெடுஞ்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் ஒரே கியர், ஒரே வேகம். வீட்டுக்கு வந்த பிறகு நிலைமை தலைகீழ். வீட்டிலிருந்து டேனரிக்கு மூணு கிலோமீட்டர், அங்கிருந்து கடைக்கு ரெண்டு கிலோமீட்டர். இன்ஜின் முழுசா சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும்.

இந்த இரண்டு பழக்கமும் புது இன்ஜினுக்கு ஆகாதவை. ஏன் என்று தெரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

'ரன்னிங் இன்' என்றால் என்ன?

புது ஷூவை முதல் நாளே போட்டுக்கொண்டு பத்து கிலோமீட்டர் நடந்தால் காலைக் கடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுப் பழகினால் தோல் காலுக்கு ஏற்ற மாதிரி இளகி உட்காரும். ஆம்பூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்ஜினிலும் கிட்டத்தட்ட அதே கதைதான். இங்கே படிய வேண்டியது உலோகத்தோடு உலோகம்.

இன்ஜின் சிலிண்டரின் உட்சுவர் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்காது. தொழிற்சாலையில் 'ஹோனிங்' என்ற முறையில், குறுக்கும் நெடுக்குமாக மிக நுண்ணிய கோடுகளைப் போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் அந்தச் சுவரில் உரசி, கோடுகளின் கூரான முனைகளைக் கொஞ்சமாகத் தேய்த்து, சுவரோடு இறுக்கமாகப் படிய வேண்டும். இதைத்தான் மெக்கானிக்குகள் 'ரிங் செட் ஆகுது' என்கிறார்கள்.

ரிங் சரியாகப் படிந்தால் எரிந்த வாயு கீழே கசியாது, ஆயில் மேலே ஏறி எரியாது. பவரும் மைலேஜும் முழுசாகக் கிடைக்கும். படியாவிட்டால் வண்டி ஆயில் குடிக்கும், புகை வரும். பிறகு இன்ஜினைப் பிரிக்காமல் அதைச் சரிசெய்வது கடினம்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. ரிங்கை வெளியே தள்ளி சுவரோடு அழுத்துவது பெரும்பாலும் எரிவாயுவின் அழுத்தம்தான். ஆக்ஸிலரேட்டரை லேசாகவே தொட்டு, மாட்டு வண்டி மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த அழுத்தம் போதாது. அதற்காக முதல் நாளே தரையோடு மிதித்தால், படியாத உலோகப் பரப்புகள் அதிகமாகச் சூடாகித் தேயும். தேவை நடுத்தரமான, மாறி மாறி வரும் அழுத்தம்.

இந்தக் காலத்து காருக்கும் இது தேவையா?

ஒரு காலத்தில் புது கார் என்றால் ஆயிரம் மைல் வரை தவழ்ந்துதான் போக வேண்டும். பிரிட்டனில் அப்போது புது கார்களின் பின்கண்ணாடியில் 'ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்' என்று எழுதி ஒட்டியிருப்பார்கள். 'புது வண்டி, மெதுவாத்தான் போகும், நீங்க முந்திக்கோங்க' என்று பின்னால் வருபவரிடம் சொல்லும் அறிவிப்பு அது.

இன்று இயந்திரங்கள் மிகத் துல்லியமாகக் கடைகின்றன. சிலிண்டர் கோடுகளின் கூர்முனைகளைத் தொழிற்சாலையிலேயே ஓரளவு மழுக்கிவிடுகிறார்கள். ஆயிலின் தரமும் எவ்வளவோ உயர்ந்துவிட்டது. அதனால் ரன்னிங் இன் காலம் சுருங்கியிருக்கிறது. ஆனால் காணாமல் போகவில்லை. இன்றும் நிறுவனங்கள் ஓனர்ஸ் மேனுவலில் இதற்கென்று தனிப் பகுதியே ஒதுக்குகின்றன.

- போர்ஷே: முதல் 3,000 கி.மீ. வரை இன்ஜின் சுழற்சி 4,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம் என்கிறது.
- பிஎம்டபிள்யூ எம் கார்கள்: எம்2, எம்3, எம்4 போன்ற முழு எம் கார்களுக்கு முதல் 2,000 கி.மீ. வரை 5,500 ஆர்பிஎம் என்ற வரம்பு.
- ஃபோக்ஸ்வேகன்: முதல் 1,000 கி.மீ. வரை முழு ஆக்ஸிலரேட்டர் கூடாது, அதிகபட்ச சுழற்சியில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டக் கூடாது. 1,000 முதல் 1,500 கி.மீ. வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

கவனியுங்கள், இவை பெரும்பாலும் ஆர்பிஎம் கணக்கு. 'எண்பதுக்கு மேல போகக் கூடாது' என்று பொத்தாம்பொதுவாக நம் ஊரில் சொல்வது இதைத்தான் தவறவிடுகிறது. ஸ்பீடோமீட்டரைவிட ஆர்பிஎம் மீட்டரைப் பார்ப்பதுதான் முக்கியம். இரண்டாம் கியரில் 60-ல் போகும் இன்ஜின், ஆறாம் கியரில் 90-ல் போகும் இன்ஜினைவிட அதிகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்.

நெடுஞ்சாலையில் என்ன தப்பு?

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் க்ரூஸ் கன்ட்ரோலைப் போட்டுவிட்டு, வாலாஜா, பள்ளிகொண்டா டோல்கேட்டில் மட்டும் வேகம் குறைத்து ஆம்பூர் வந்து சேர்வது சுகமான பயணம்தான். ஆனால் இன்ஜினுக்கு அது ஒரே பாடத்தை நூறு தடவை படிப்பது போல. ஒரே சுழற்சி, ஒரே அழுத்தம். ரிங்குகள் அந்த ஒரு நிலைக்கு மட்டுமே பழகும்.

அதற்குப் பதில் இப்படிச் செய்யலாம்:

- க்ரூஸ் கன்ட்ரோலைத் தொடவே வேண்டாம்.
- சில நிமிடங்களுக்கு ஒருமுறை வேகத்தை மாற்றுங்கள். 70-லிருந்து 90-க்கு மிதமாக ஏற்றி, பிறகு ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டு வண்டியைத் தானாக இறங்க விடுங்கள். பின்னால் லாரி ஒட்டி வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.
- கியரை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடில் போடுங்கள்.
- வழியில் காஞ்சிபுரம் பக்கமோ வேலூரிலோ ஒரு டீக்கு நிறுத்துங்கள். இன்ஜின் சூடாகி, ஆறி, மறுபடி சூடாவது நல்லதுதான்.

வேலூர் வந்துவிட்டால் இன்னொரு வழியும் உண்டு. நெடுஞ்சாலையை விட்டு காட்பாடி, குடியாத்தம், பேரணாம்பட்டு வழியாக ஆம்பூர் வரலாம். ஏற்றம், இறக்கம், வளைவு, ஊருக்குள் மெதுவான ஓட்டம் எல்லாம் கலந்து வரும். நேரம் கூடுதலாகும், ஆனால் புது இன்ஜினுக்குத் தேவையான கலவையான ஓட்டம் தானாகவே கிடைக்கும். ஸ்பீட் பிரேக்கர்களில் மட்டும் கவனம் தேவை. தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரின் அடிப்பாகம் உரசிவிடும்.

ஊருக்குள் மூணு கிலோமீட்டர் ஓட்டத்தில் என்ன பிரச்சனை?

வேலூர் வெயில் ஊரறிந்தது. 'இந்த வெயில்ல இன்ஜின் சூடாகாமலா இருக்கும்?' என்று கேட்கத் தோன்றும். வெளியே 40 டிகிரி இருந்தாலும், ஆயில் சரியாக வேலை செய்ய 90 டிகிரிக்கு மேல் போக வேண்டும். டேஷ்போர்டில் நாம் பார்ப்பது பொதுவாக கூலன்ட் வெப்பநிலை. அந்த முள் சில நிமிடங்களில் நடுவுக்கு வந்துவிடும். ஆயில் சூடாக அதைவிட நேரமாகும். பத்து, பதினைந்து நிமிட ஓட்டம் வேண்டும்.

ஆயில் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால், எரியாத பெட்ரோலும் எரிதலில் உருவான ஈரமும் ஆயிலில் கலந்து அங்கேயே தங்கும். நீண்ட தூரம் ஓடினால்தான் அது ஆவியாகி வெளியேறும். குட்டிக் குட்டி ஓட்டமாகவே ஓடும் வண்டியில், கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ஆயில் சீக்கிரம் கெடும். அதனால்தான் நிறுவனங்கள் 'இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ' என்று எழுதுகின்றன.

இதற்குத் தீர்வு எளிது. புது கார் வந்த முதல் மாதத்தில் வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுங்கள். ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி போய்த் திரும்பினாலே முப்பது கிலோமீட்டர் ஆகிவிடும்.

இன்னொன்று. ஏ.சி. போட்டுக்கொண்டு வண்டியை நின்ற இடத்திலேயே அரை மணி நேரம் ஓட விடுவது 'சூடாக்குவது' ஆகாது. ஸ்டார்ட் செய்து அரை நிமிடம் போதும். பிறகு மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள்.

ஏலகிரிக்கு எப்போ போகலாம்?

புது வண்டி வாங்கினால் இந்தப் பகுதி இளைஞர்களின் முதல் ட்ரிப் பெரும்பாலும் ஏலகிரி. பொன்னேரியிலிருந்து மேலே ஏற 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள், அரசர்கள் பெயர்.

ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிய பிறகு போவது நல்லது. அதற்கு முன்னால் போக வேண்டியிருந்தால், உயர் கியரில் முக்கி முக்கி ஏற்றாதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுப்பது, அதிக ஆர்பிஎம்மைவிட இன்ஜினுக்குக் கெடுதல். டர்போ இன்ஜின்களுக்கு இது இன்னும் ஆபத்து. இரண்டாம் கியரில், நடுத்தர சுழற்சியில் ஏறுங்கள். இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

புது பிரேக் பேடும் டயரும்கூட பழக வேண்டியவைதான். பிஎம்டபிள்யூ மேனுவல் டயருக்கு முதல் 300 கி.மீ., பிரேக்குக்கு முதல் 500 கி.மீ. நிதானம் தேவை என்கிறது. அதுவரை பிடிப்பு முழுசாக இருக்காது. இது இன்ஜின் ஆயுள் பற்றிய விஷயம் இல்லை, உங்கள் உயிர் பற்றிய விஷயம். 'லாஞ்ச் கன்ட்ரோல்' வசதியையும் ரன்னிங் இன் முடியும் வரை தொடாதீர்கள்.

சரி, முதல் ஆயிலை எப்போ மாத்தணும்?

ரிங்குகள் தேயும்போது வரும் நுண்ணிய இரும்புத் துகள்கள், இன்ஜினை இணைக்கப் பயன்படுத்திய சீலன்ட்டின் மிச்சம், பொருத்தும்போது பூசிய மசகு எல்லாம் முதல் ஆயிலில்தான் கலக்கும். ஆய்வகத்தில் சோதித்தால் முதல் ஆயிலில் இரும்பு, செம்பு, சிலிக்கான் அளவு அதிகமாக இருப்பது வழக்கம். பிறகு அது குறைந்துகொண்டே வரும். 'சீக்கிரம் மாத்துங்க' என்பவர்களின் வாதம் இதுதான். அதில் உண்மை இருக்கிறது.

மறுபக்கம், பெரிய துகள்களைப் பிடிக்கத்தான் ஆயில் ஃபில்டர் இருக்கிறது. தொழிற்சாலை ஆயிலில் படிமானத்துக்கு உதவும் சேர்க்கைப் பொருள்கள் இருப்பதாகச் சொல்லி, அதை முன்கூட்டியே மாற்ற வேண்டாம் என்று ஹோண்டா போன்ற நிறுவனங்கள் அறிவுறுத்துகின்றன. அதிலும் உண்மை இருக்கிறது.

அதனால் வண்டியின் வகையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

1. முழு ஸ்போர்ட்ஸ் கார்கள்: பிஎம்டபிள்யூ எம் கார்களுக்கு 2,000 கி.மீ.யில் 'ரன்னிங் இன் சர்வீஸ்' கட்டாயம். இன்ஜின் ஆயில், ஃபில்டரோடு பின்பக்க டிஃபரன்ஷியல் ஆயிலையும் மாற்றுவார்கள். ஆனால் எம்340ஐ மாதிரி கார்களில் எம் என்ற எழுத்து இருந்தாலும் இந்தத் தனி சர்வீஸ் கிடையாது. போர்ஷே, 3,000 கி.மீ. வரை நிதானம் கேட்டாலும், முதல் ஆயில் மாற்றத்தை வழக்கமான ஆண்டு சர்வீஸிலேயே வைத்திருக்கிறது. ஒரே விலையில் இருக்கும் இரண்டு கார்களுக்கு இரண்டு விதி. மேனுவலைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

2. வேகமான சாதாரண கார்கள்: ஃபோக்ஸ்வேகன் விர்டஸ் ஜிடி மாதிரி டர்போ கார்களுக்கு 15,000 கி.மீ. அல்லது ஓராண்டு. மாருதி, ஹூண்டாய், ஹோண்டா பெட்ரோல் கார்களில் பொதுவாக 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு. ஆயிரம், ஆயிரத்து ஐநூறு கி.மீ.யில் கூப்பிடும் முதல் இலவச சர்வீஸ் பெரும்பாலும் பரிசோதனை மட்டுமே. 'ஃப்ரீ சர்வீஸ்ல ஆயில் மாத்திட்டாங்க' என்று நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள். பில்லில் ஆயில் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

3. பைக்குகள்: இங்கே மெக்கானிக் சொல்வதுதான் சரி. ராயல் என்ஃபீல்டு 500 கி.மீ.யிலேயே முதல் சர்வீஸுக்குக் கூப்பிடுகிறது. மற்ற நிறுவனங்களும் பொதுவாக 1,000 கி.மீ.க்குள் முதல் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. காரணம், பெரும்பாலான பைக்குகளில் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில்தான். அளவும் குறைவு. கியர் பற்களின் தேய்மானத் துகளும் அதே ஆயிலில் கலக்கும். கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருப்பதால், மிச்சமிருக்கும் கார் ஆயிலை பைக்கில் ஊற்றவே கூடாது. கிளட்ச் வழுக்கும். 'ஜாசோ எம்ஏ2' அல்லது 'எம்ஏ' என்று டப்பாவில் இருக்கிறதா பாருங்கள்.

4. எலக்ட்ரிக் வண்டிகள்: எம்ஜி சைபர்ஸ்டர் மாதிரி மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இன்ஜினும் இல்லை, இன்ஜின் ஆயிலும் இல்லை. ஆனால் டயர், பிரேக் விதி அவற்றுக்கும் பொருந்தும்.

முன்கூட்டியே மாத்தினா கெடுதலா?

பெரும்பாலான கார்களில், சரியான ஆயிலை ஊற்றினால் கெடுதல் இல்லை. செலவு மட்டும் கூடும். மனசு கேட்கவில்லை என்றால் 2,000 முதல் 5,000 கி.மீ.க்குள் ஒரு முறை கூடுதலாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூன்று விஷயங்களில் தவறக் கூடாது.

ஒன்று, நிறுவனம் 'முன்கூட்டியே வேண்டாம்' என்று எழுதியிருந்தால் அதை மதியுங்கள்.

இரண்டு, வாரன்ட்டி. கூடுதல் ஆயில் மாற்றத்தையும் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரிலேயே செய்து, பில்லையும் சர்வீஸ் பதிவையும் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு இன்ஜினில் கோளாறு வந்தால் முதலில் கேட்பது 'எங்கே, என்ன ஆயில் ஊத்தினீங்க?' என்பதுதான்.

மூன்று, கூடுதல் ஆயில் மாற்றம் வழக்கமான சர்வீஸுக்கு மாற்று அல்ல. 3,000-ல் மாத்திட்டேன், அதனால ஓராண்டு சர்வீஸைத் தள்ளிப்போடுறேன் என்பது செல்லாது.

இதைவிட நம் பகுதியில் அதிகம் கவனிக்க வேண்டியது நேர் எதிரான சிக்கல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஓராண்டில் 2,500 கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. 'இன்னும் பத்தாயிரமே ஆகலையே' என்று இரண்டு வருடம் அதே ஆயிலில் ஓட்டுவார்கள். ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு போலவே காலக் கணக்கும் உண்டு. ஓராண்டு என்றால் ஓராண்டு. வாரன்ட்டி விதியிலும் அப்படித்தான்.

வெயிலுக்குக் கெட்டியான ஆயில் ஊத்தலாமா?

'நம்ம ஊர் வெயிலுக்கு 20டபிள்யூ-50 ஊத்துங்க' என்ற யோசனை அடிக்கடி கேட்கும். பழைய வண்டிகளுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். இன்றைய இன்ஜினில் ஆயில் போகும் இடைவெளிகள் மிக நுண்ணியவை. 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற இளகிய ஆயிலுக்காகவே வடிவமைத்திருப்பார்கள்.

டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் குளிர்ந்த நிலையில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதையும், பின்னால் இருக்கும் எண் சூடான நிலையில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் காட்டும். நிறுவனம் இந்த எண்ணைத் தேர்வு செய்யும்போதே வெப்ப நாடுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. மேனுவலில் உள்ள எண்ணும் தர முத்திரையும் டப்பாவில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். போலி ஆயிலைத் தவிர்க்க, சீல் உடையாத டப்பாவை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

ஆயில் குறைந்தால் பயப்படணுமா?

ரன்னிங் இன் காலத்தில் ஆயில் கொஞ்சம் குறைவது சகஜம். ஃபோக்ஸ்வேகன் மேனுவல் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை ஆகலாம் என்கிறது. அதனால் முதல் 2,000 கி.மீ. வரை, ஒவ்வொரு 500 கி.மீ.க்கும் ஒரு முறை அளவைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, மேனுவலில் சொன்ன முறைப்படி பாருங்கள். பல புது பிஎம்டபிள்யூ, போர்ஷே கார்களில் டிப் ஸ்டிக்கே கிடையாது, திரையில்தான் பார்க்க வேண்டும்.

2,000 கி.மீ. தாண்டிய பிறகும் தொடர்ந்து குறைந்தால், நீலப் புகை வந்தால், தேதி, கிலோமீட்டர், குறைந்த அளவு மூன்றையும் எழுதிவைத்து சர்வீஸ் சென்டரில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு வாரன்ட்டியில் மதிப்பில்லை.

பழைய ஆயில் எங்கே போகிறது?

ஒரு ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து இறக்கும் பழைய ஆயில் ஆறு லிட்டருக்கு மேல்கூட இருக்கும். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. அதைச் சாக்கடையில் ஊற்றினால் கடைசியில் போய்ச் சேருவது பாலாற்றுக்குத்தான்.

தோல் கழிவால் பாலாறு பட்ட பாடு இங்கே எல்லோருக்கும் தெரியும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசு செய்பவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்ற கொள்கையை நாடு முழுக்கப் பேச வைத்தது. டேனரிக்கு ஒரு நியாயம், நம் வண்டிக்கு வேறு நியாயம் இருக்க முடியாது. ஆயில் மாற்றும் இடத்தில் 'பழைய ஆயிலை என்ன செய்யறீங்க?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குக் கொடுப்பவர்களிடம் மட்டும் வண்டியை விடுங்கள்.

சுருக்கமாக... போனில் சேவ் செய்துகொள்ளுங்கள்

- சாவி வாங்கும்போது: ரன்னிங் இன் பக்கத்தை மேனுவலில் காட்டச் சொல்லுங்கள். முதல் ஆயில் மாற்றம் எத்தனை கி.மீ., எத்தனை மாதம் என்று எழுதி வாங்குங்கள்.
- 0 - 300 கி.மீ.: க்ரூஸ் கன்ட்ரோல் வேண்டாம். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். டயர் இன்னும் பழகவில்லை, வளைவில் நிதானம்.
- 300 - 1,000 கி.மீ.: இன்ஜின் சூடான பிறகு மிதமான ஆக்ஸிலரேஷன். அதிகபட்ச ஆர்பிஎம்மில் மூன்றில் இரண்டு பங்கு வரை போதும். முழு மிதி வேண்டாம், உயர் கியரில் முக்கவும் வேண்டாம்.
- 1,000 - 2,000 கி.மீ.: கொஞ்சம் கொஞ்சமாக ஆர்பிஎம்மை ஏற்றலாம். போர்ஷே என்றால் 3,000 வரை பொறுங்கள்.
- ஆயில்: எம் கார்களுக்கு 2,000 கி.மீ. பைக்குக்கு 500 முதல் 1,000 கி.மீ. மற்ற கார்களுக்கு மேனுவல் சொல்லும் கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது.
- எப்போதும்: 500 கி.மீ.க்கு ஒரு முறை ஆயில் அளவு. ஒவ்வொரு வேலைக்கும் பில்.

மெக்கானிக் சொல்வதற்கும் ஷோரூம் சொல்வதற்கும் நடுவில் குழம்ப வேண்டியதில்லை. இரண்டு பேரையும்விட உங்கள் வண்டியை அதிகம் தெரிந்தது டேஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்காமல் கிடக்கும் அந்த மேனுவல் புத்தகம்தான். ஆம்பூர் பிரியாணி வரும் வரை காத்திருக்கும் நேரத்தில் அந்த நாலு பக்கத்தைப் படித்துவிடலாம்.